கார் மேடேறிய கதை

கொழும்பிலிருந்து கனடா போகிறவர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டு வருவார்கள். நானும் பார்த்தேன். ஆனால் வெள்ளவத்தையில் யாரைக் கண்டாலும் நான் சொல்வது மொங்ரன் கதைதான்.

மொங்ரன், ரொறன்ரோவிலிருந்து சுமார் 1,500 கிலோமீற்றர் தள்ளி, நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இருக்கும் ஒரு நகரம். அத்தான் இரண்டு நாள் ஓட்டினார். அங்கே இருக்கும் 'காந்த மலை' என்பது உண்மையில் மலையே இல்லை, ஒரு சரிவான வீதித்துண்டு, அவ்வளவுதான். 1933 இல் பத்திரிகைக்காரர்கள் சிலர் காரில் வந்து பரிசோதித்து எழுதிய பிறகு அது ஊரறிந்த இடமாகிவிட்டது. இப்போது பக்கத்தில் மிருகக்காட்சிசாலை, நீர் விளையாட்டுப் பூங்கா எல்லாம் உண்டு.

இறக்கத்தில் இறங்கி, அடியில் நடப்பட்ட வெள்ளைக் கம்பத்தருகே நிறுத்தினோம். கியரை நியூட்ரலில் போட்டார்.

"பிரேக்கில இருந்து காலை எடுங்கோ அத்தான்."

"எடுத்து எவ்வளவு நேரம் பிள்ளை!"

கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. நாங்கள் இறங்கி வந்த அதே மேட்டில், பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தோம். வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அக்கா கடவுளைக் கூப்பிட்டாள்.

எனக்கு அதோடு விட மனமில்லை. இறங்கி, பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை வீதியில் ஊற்றினேன். அதுவும் மேட்டை நோக்கியே ஓடியது! பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியதால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

காந்தம் தேத்தண்ணியை இழுக்காது. பிழை கண்ணில்தான். அங்கே சுற்றுப்புறம் முழுவதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, உண்மையான அடிவானமும் தெரிவதில்லை. எது மட்டம் என்று கண் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. கடும் இறக்கத்தை அடுத்து மெல்லிய இறக்கம் வந்தால், அந்த மெல்லியது ஏற்றமாகவே தெரியும். 2003 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மேசை மேல் சின்ன மாதிரி வீதிகள் செய்து இதே மயக்கத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். லடாக்கில் லே நகருக்கு அருகே ஒன்று, ஸ்கொட்லாந்தில் 'மின்சார மேடு' என்று ஒன்று, எல்லாம் இதே வித்தைதான். பெயர் மட்டும் அந்தந்தக் காலத்துக்குப் புரியாத சக்தியின் பெயர்.

திரும்பி வந்து காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு அப்பாவிடம் இதைச் சொன்னேன். எதிரே கடல், கோடு கிழித்த மாதிரி அடிவானம். இங்கே ஒருவரும் ஏமாற முடியாது என்றார்.

அங்கேதான் விஷயம். ஈர்ப்பு உண்மையாகவே வித்தியாசமாக இருப்பது மொங்ரனில் இல்லை, எங்கள் வாசலில். பூமி உள்ளே எங்கும் சீராக இருந்தால் கடல் எங்கே நிற்கவேண்டுமோ, அதைவிடச் சுமார் 106 மீற்றர் தாழ்வாக இலங்கைக்குத் தெற்கே கடல் கிடக்கிறது. ஈர்ப்பு குறைவதால் கடல் இப்படித் தாழ்ந்து கிடக்கும் 'ஈர்ப்புப் பள்ளங்களில்' உலகிலேயே ஆழமானது அதுதான். வெனிங் மைனஸ் என்ற டச்சு அறிவியலாளர் 1948 இல் கப்பலில் அளந்து கண்டுபிடித்தார். அடியில் கிடக்கும் பாறை சூடாகி, எடை குறைந்து மேலெழுந்திருப்பதே காரணம் என்று 2023 இல் பெங்களூர் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளமெண்டா கப்பலெல்லாம் உருண்டு போகாதே?"

போகாது. கடல்நீர் தானே மட்டத்தைத் தீர்மானிக்கிறது. நடுப்பள்ளத்தில் ரசமட்டம் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். மொங்ரனில் மட்டம் சரி, கண் பிழை. இங்கே கண்ணும் சரி, ரசமட்டமும் சரி, ஆனாலும் பள்ளம் இருக்கிறது.

அவர் வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டார்.

"அப்ப இதில தேத்தண்ணி ஊத்திப் பாக்கேலாது."