என்விடியா-எஸ்எம்ஐ அட்டவணையை நம்பி ஏமாறாதீர்கள்: டெபியனில் குடா டிரைவர் பேக்கேஜ் செய்த அனுபவம்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கு ஓட்டும் தளமான குடாவுக்கான டிரைவரை, டெபியன் லினக்ஸில் நாங்களே பேக்கேஜாகக் கட்டினோம். ஒருவழியாக எல்லா சர்வரிலும் அது ஏறிவிட்டது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காகச் சறுக்கிய இடங்களை மட்டும் எழுதிவைக்கிறேன். ஒழுங்காக நடந்தவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

டெபியன் 12இன் நான்-ஃப்ரீ (கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்) பகுதியில் இப்போது இருப்பது டிரைவரின் 535 வரிசை. எங்களுக்கு வேண்டியிருந்தது 550. "குடா 12 எதுவானாலும் 525 டிரைவரிலேயே ஓடுமே" என்று கேட்பீர்கள். ஓடும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. குடா 12.4இல் பிடிஎக்ஸாக (டிரைவர் பின்னர் கார்டுக்கேற்ற எந்திரக் குறியீடாக மாற்றும் இடைநிலை வடிவம்) தொகுத்த நிரலைப் பழைய டிரைவரில் ஓட்டினால் பிழை எண் 222 வந்து நிற்கும். பிடிஎக்ஸ் வடிவம் புதிது, டிரைவருக்குள் இருக்கும் கம்பைலர் பழையது என்று அதற்கு அர்த்தம். கடைசி நேரத்தில் கார்டுக்கேற்ப நிரலை உருவாக்கும் கருவிகளை நம்பியிருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பாதிதான் உதவும்.

என்விடியா தரும் ரன் கோப்பை (டிரைவரைத் தானே நிறுவும் கோப்பு) நேரடியாக ஓட்டிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். டெபியனின் பேக்கேஜ் நிர்வாகியான டிபிகேஜிக்குத் தெரியாமல் லைப்ரரிகளை இறக்கிவைக்கும் எந்த நிறுவியையும் பத்து சர்வருக்கு மேல் நிர்வகிக்கிறவர்கள் தொடக்கூடாது என்பது என் கட்சி. ரன் கோப்பை 'எக்ஸ்ட்ராக்ட்-ஒன்லி' விருப்பத்தோடு பிரித்து, உள்ளே இருப்பதை டெப் பேக்கேஜாகக் கட்டுவதுதான் வழி.

பிரித்ததும் முதலில் லைசென்ஸைப் படியுங்கள். லினக்ஸுக்கான டிரைவரை நகலெடுக்கவும் மறுவிநியோகம் செய்யவும் அது அனுமதி தருகிறது. ஆனால் சுருக்கிய கோப்பை விரிப்பதைத் தவிர, பைனரியில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. இது வக்கீல்கள் மட்டும் கவலைப்படும் விஷயம் இல்லை. பேக்கேஜ் கட்டும் கருவித்தொகுப்பான டெப்ஹெல்பர் வழக்கமாக ஓட்டும் டிஎச்-ஸ்ட்ரிப், ஒவ்வொரு லைப்ரரியிலிருந்தும் சிம்பல்களை வெட்டி எடுத்துவிடும். அதாவது நாம் ஒன்றுமே செய்யாமல் விட்டாலே லைசென்ஸை மீறியாகிவிட்டது. பேக்கேஜ் கட்டும் படிகளை எழுதும் ரூல்ஸ் கோப்பில் அந்தப் படியை வெறுமையாக ஓவர்ரைடு செய்யுங்கள், பைனரியை மாற்றும் இன்னொரு படியான டிஎச்-டிடபிள்யூஇசட்டையும் சேர்த்து. முடிந்ததும் டெப்பைப் பிரித்து, உள்ளே உள்ள லிப்குடாவின் (குடாவின் முக்கிய லைப்ரரி) எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) மூலக் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. பேக்கேஜைச் சரிபார்க்கும் லின்டியன் ஒரு பக்கத்துக்குக் குறை சொல்லும், சொல்லட்டும்.

இனிமேல்தான் நிஜமான வயிற்றெரிச்சல். டிரைவர் ஏறியது, ரீபூட் ஆனது, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை அழகாக அட்டவணை போட்டது. கார்டு பெயர், வெப்பநிலை, வலது மூலையில் 'குடா வெர்ஷன்: 12.4' எல்லாம் இருந்தன. சாதாரண யூசராக நுழைந்து குடாவைப் பயன்படுத்தும் பைடார்ச்சை ஓட்டினால் "குடா அன்னோன் எரர்", எண் 999. அதே நிரலை சூடோவோடு (ரூட் உரிமையில்) ஓட்டினால் ஓடுகிறது. அதன்பிறகு சாதாரண யூசருக்கும் ஓடுகிறது! அடுத்த ரீபூட்டில் மறுபடி 999.

காரணம் இதுதான். என்விடியா-எஸ்எம்ஐ பேசுவது கார்டைக் கண்காணிக்கும் என்விஎம்எல் லைப்ரரியோடு. அதற்கு அடிப்படை என்விடியா கெர்னல் மாட்யூலும், டெவ் அடைவில் 'என்விடியா0', 'என்விடியாசிடிஎல்' என்ற இரண்டு டிவைஸ் கோப்புகளும் போதும். குடாவுக்கு இவை தவிர நினைவகத்தைக் கையாளும் 'என்விடியா-யுவிஎம்' மாட்யூலும் அதற்கான டிவைஸ் கோப்பும் வேண்டும். அடிப்படை மாட்யூலை பிசிஐ அடையாளத்தைப் பார்த்து டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ் தானே ஏற்றிவிடும். யுவிஎம்முக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. யாராவது கேட்கும்போதுதான் அதை ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'என்விடியா-மாட்ப்ரோப்' என்ற சின்ன நிரல். சாதாரண யூசர் கூப்பிட்டாலும் மாட்யூலை ஏற்ற வேண்டும் என்பதால் அது செட்-யுஐடி ரூட்டாக (யார் ஓட்டினாலும் ரூட் உரிமை பெறும் நிரலாக) இருக்க வேண்டும்.

இந்த செட்-யுஐடி பிட்டை டெப்ஹெல்பர் சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறது. டிஎச்-ஃபிக்ஸ்பெர்ம்ஸின் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: பேக்கேஜில் உள்ள எல்லாக் கோப்புகளிலும் செட்-யுஐடி, செட்-ஜிஐடி பிட்கள் நீக்கப்படும். இன்ஸ்டால் கட்டத்தில் 4755 என்று நீங்கள் வைத்தாலும், அதற்குப் பிறகு ஓடும் இந்தப் படி அதை 0755 ஆக்கிவிடும். பில்ட் லாகில் ஒரு எச்சரிக்கையும் வராது. என்விடியாவின் பெர்சிஸ்டன்ஸ்-டி என்ற பின்னணிச் சேவை ரூட்டாகத் தொடங்கி முதல் இரண்டு டிவைஸ் கோப்புகளையும் உருவாக்கிவிடுவதால் அட்டவணை மட்டும் யாருக்கும் வரும், கணக்கு சாதாரண யூசருக்கு ஓடாது. சூடோவோடு ஒருமுறை ஓட்டினால் யுவிஎம் ஏறிவிடும், அடுத்த ரீபூட் வரை நோய் மறைந்துவிடும்.

தீர்வு இரண்டு. ஃபிக்ஸ்பெர்ம்ஸ் முடிந்த பிறகு ஓடும்படி, 'எக்ஸிக்யூட்-ஆஃப்டர்' இலக்கில் 4755 கொடுங்கள் (டெப்ஹெல்பர் கம்பேட் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும்). டெப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டுப் பார்க்கும்போது, உரிமையாளர் பகுதியில் 'எக்ஸ்' இருக்கும் இடத்தில் 'எஸ்' தெரிய வேண்டும். அதைவிடச் சுலபம், ரன் கோப்பில் உள்ளதை விட்டுவிட்டு, டெபியனின் காண்ட்ரிப் பகுதியில் ஏற்கெனவே தனியாக இருக்கும் மாட்ப்ரோப் பேக்கேஜைச் சார்பாக (டிபெண்டென்சி) போடுவது. அதன் மூலநிரல் திறந்தது. அங்கே பிட்டும் சரியாக இருக்கிறது.

அதனால் சோதனைக்கு ஒரே விதி வைத்திருக்கிறோம்: புதிதாக ரீபூட் செய்த, மானிட்டர் இல்லாத, டெஸ்க்டாப் ஓடாத மெஷினில், சூடோ தொடாத யூசர் ஓட்டும் முதல் கட்டளையே குடா நிரலாக இருக்க வேண்டும். டெஸ்க்டாப் மெஷினில் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. அங்கே ரூட் உரிமையோடு வேறு யாராவது முன்கூட்டியே கதவைத் திறந்துவைத்திருப்பார்கள்.

அடுத்த பள்ளம் சார்புகள். சார்புகளைத் தானே கண்டுபிடிக்கும் டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ், லைப்ரரியின் ஈஎல்எஃப் தலைப்பில் எழுதியிருக்கும் சார்புகளை மட்டும்தான் படிக்கும். லிப்குடாவோ பிடிஎக்ஸ்-ஜிட்-கம்பைலர் லைப்ரரியை ஓடும் நேரத்தில் டிஎல்-ஓப்பன் மூலம் தேடுகிறது. எனவே அந்தச் சார்பு தானாக வராது, கையால்தான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? குடாவின் மாதிரி நிரல்களான டிவைஸ்-குவெரி ஓடும், வெக்டர்-ஆட் ஓடும், எல்லாம் பச்சை. உங்கள் கார்டுக்கான நேரடி எந்திரக் குறியீடு அந்த நிரல்களில் ஏற்கெனவே இருப்பதே காரணம். பிடிஎக்ஸ் மட்டும் உள்ள ஒரு நிரல் வந்தால் பிழை 221, ஜிட் கம்பைலர் லைப்ரரி இல்லை என்று. இதைப் பிடிக்க 'குடா-ஃபோர்ஸ்-பிடிஎக்ஸ்-ஜிட்' என்ற சூழல் மாறியை 1 ஆக்கி ஓட்டுங்கள். 'குடா-கேஷ்-டிஸேபிள்' என்பதையும் 1 ஆக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் 'என்வி' அடைவின் கம்ப்யூட்-கேஷ், முன்பு தொகுத்ததை எடுத்துக் கொடுத்துப் பிழையை மூடி மறைத்துவிடும்.

கையால் எழுதும் இந்தச் சார்புகளில் 'இதற்கு மேல்' என்று எழுதாதீர்கள், 'இதே வெர்ஷன்' என்று எழுதுங்கள். 550இன் இரண்டு சிறு வெர்ஷன்கள் கலந்துவிட்டாலும் ஒத்துப்போகாது.

குடாவைப் போன்ற பொதுத் தரமான ஓப்பன்சிஎல்லில் ஒரே சிக்கல்தான். ரன் கோப்புக்குள், டிரைவரைத் தேடி ஏற்றும் ஐசிடி லோடரும் சேர்ந்து வருகிறது. அதையும் பேக்கேஜில் போட்டால் டெபியனின் ஓசிஎல்-ஐசிடியோடு மோதி, "ஓவர்ரைட் செய்ய முயல்கிறது" என்று டிபிகேஜி நின்றுவிடும். லோடரை விட்டுவிட்டு, லைப்ரரி பெயர் ஒற்றை வரியாக உள்ள ஐசிடி கோப்பை மட்டும் வெண்டார்ஸ் அடைவில் வையுங்கள். சிஎல்இன்ஃபோ கட்டளை பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை 0 என்று சொன்னாலோ, நிரல் மைனஸ் 1001 என்று செத்தாலோ, அந்தக் கோப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கெர்னல் பக்கம், ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானே கட்டும் டிகேஎம்எஸ் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாவிட்டால் அது பில்டைத் தவிர்த்துவிட்டு ஒரு வரி தகவல் சொல்லும், அவ்வளவுதான். நிறுவல் வெற்றி என்றே முடியும், மாட்யூல் இருக்காது. குறிப்பிட்ட கெர்னல் எண்ணுக்கான ஹெடர்ஸைப் போடாமல், 'ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற மெட்டா பேக்கேஜைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கெர்னல் அப்டேட்டில் இதே கதைதான்.

ஹெடர்ஸ் இருந்தும் பில்ட் உடையும் நாள் வரும். 2024 பிப்ரவரியில் டெபியன் 12.5 வந்தபோது நடந்தது நினைவிருக்கலாம். கெர்னல் 6.1.76க்குள் நினைவக நிர்வாகத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதனால் பிஎஃப்என்-வேலிட் என்ற சின்ன இன்லைன் செயல்பாடு கெர்னலின் ஆர்சியு பூட்டைக் கூப்பிடத் தொடங்கியது. அந்தச் சிம்பல் ஜிபிஎல் உரிமம் (திறந்த மூலம்) உள்ள மாட்யூல்களுக்கு மட்டும் என்பதால், 525.147.05 டிரைவர் மாட்போஸ்ட் கட்டத்தில் "ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத மாட்யூல்" என்று விழுந்தது. டிகேஎம்எஸ் தோற்றதால் கெர்னல் பேக்கேஜும் பாதியில் நின்று, நிறுவல் கருவியான ஏபிடி முடங்கிப்போனது. ஒட்டுப்போட்ட டிரைவர் ஸ்டேபிள்-அப்டேட்ஸ் வழியாகப் பிறகு வந்தது. அதற்கு முன்பு 2020 அக்டோபரில் கெர்னல் 5.9 வந்தபோது இன்னும் வேடிக்கை. தனியுரிம மாட்யூலிலிருந்து சிம்பல் வாங்கும் மாட்யூலுக்கும் தனியுரிமம் என்ற கறை ஒட்டும் என்று விதி மாறியது. திரையில் படம் வந்தது, யுவிஎம்தான் அடிவாங்கியது. கேம் ஆடியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, குடா ஓட்டியவர்கள் பழைய கெர்னலிலேயே காத்திருந்தார்கள். கணக்குப் பகுதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உபுண்டு 22.04இல் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு கிளைக்குறிப்பு. 6.5 கெர்னல் ஜிசிசி 12இல் தொகுக்கப்பட்டது, சிஸ்டத்தின் இயல்பான ஜிசிசியோ 11. 'டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்' என்ற விருப்பம் தெரியாது என்று மேக் லாகில் புலம்பினால் ஜிசிசி 12ஐ நிறுவுங்கள், டிரைவரைக் குறை சொல்லாதீர்கள்.

இந்த மாதிரி உடைசலைக் கண்டுபிடிக்கக் கார்டு தேவையே இல்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம். ஜிபியு இல்லாத சாதாரண விர்ச்சுவல் மெஷினில் புதிய கெர்னலைப் போட்டு, பேக்கேஜை நிறுவி, லினக்ஸின் மாட்ப்ரோப் கட்டளையால் என்விடியா மாட்யூலை ஏற்றச் சொல்லுங்கள். "நோ சச் டிவைஸ்" என்று பிழை வந்தால் கொண்டாடுங்கள். சிம்பல்கள் எல்லாம் பொருந்தி, மாட்யூல் உள்ளே போய், கார்டைத் தேடிக் காணாமல் திரும்பியிருக்கிறது. டிமெசேஜில் (கெர்னல் லாக்) என்விடியா டிரைவரின் என்விஆர்எம் வரியும் ஜிபியு இல்லை என்றே சொல்லும். "அன்னோன் சிம்பல்" என்றோ "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்றோ வந்தால்தான் வேலை பாக்கி. இப்போது ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் இந்த வடிகட்டி வழியாகத்தான் சர்வருக்குப் போகிறது.

திறந்த கெர்னல் மாட்யூலை (2022 மே மாதம் வெளிவந்தது, ட்யூரிங் தலைமுறை, அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கு) எடுத்துக்கொண்டால் கார்டுக்குள் இருக்கும் ஜிஎஸ்பி செயலியின் ஃபர்ம்வேர் கட்டாயம். ஃபர்ம்வேர் அடைவில் சரியான வெர்ஷன் எண் உள்ள துணை அடைவுக்குள் அது இல்லையென்றால் மாட்யூல் ஏறும், "ஆர்எம்இனிட்அடாப்டர் ஃபெயில்ட்" என்று கார்டு எழும்பாது. இந்தக் கோப்புகள் பல பத்து எம்பி கனமானவை. பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் என்விடியா மாட்யூலைச் சேர்த்தால் அவையும் கூடவே போய், சின்ன பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும்.

கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்றவிடாத செக்யூர் பூட் பற்றிச் சொல்லாமல் முடியாது. டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி உருவாக்கி மாட்யூலில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சாவியை மோக்யூட்டில் கட்டளையால் இறக்குமதி செய்தால் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் வரும் நீலத் திரையில் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தி அந்தப் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். தவறவிட்டால் முதலிலிருந்து இறக்குமதி. மெஷின்களோ வாடகைக்கு எடுத்த இடத்தில் இருந்தன. கன்சோல் உரிமை எங்களுக்கு இல்லை. ஆதரவுப் பிரிவில் டிக்கெட் போட்டால் "ரீபூட் செய்துவிட்டோம், பாருங்கள்" என்று பதில். நீலத் திரை வருமே, அழுத்தினீர்களா என்று கேட்டால், "அது தானாகவே போய்விட்டது சார்." கடைசியில் நேரில் போய் நின்றபோது, ராக்கில் கீபோர்டு வைத்துக்கொள்ள முன்அனுமதிக் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். உங்களுக்கு இந்த நிலை வேண்டாம் என்றால், மெஷின் எடுக்கும்போதே பிஎம்சி (சர்வரின் தொலைநிர்வாகச் சிப்) வழியாகத் தொலைக் கன்சோல் உண்டா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்டில் வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். அந்தத் திரைக்கு அமெரிக்கக் கீபோர்டு அமைப்பு மட்டுமே தெரியும், சிறப்புக் குறிகள் இடம் மாறி விழும்.

ஏறிய பிறகு வரும் தொல்லை தானியங்கி அப்டேட். லைப்ரரி புதிதாகி, நினைவில் பழைய மாட்யூலே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த கணக்குகள் தொடரும், புதிதாகத் தொடங்குவது எல்லாம் பிழை 803இல் விழும், எஸ்எம்ஐ "வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று சொல்லும். என்விடியா பேக்கேஜ்களையும் லிப்குடாவையும் இந்த அப்டேட்டைச் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ரீபூட் முடியாத சூழலில் பெர்சிஸ்டன்ஸ்-டியை நிறுத்திவிட்டு, டிஆர்எம், மோட்செட், யுவிஎம், கடைசியில் என்விடியா என்ற வரிசையில் மாட்யூல்களை இறக்கினால் போதும். "பயன்பாட்டில் உள்ளது" என்றால் டெவ் அடைவின் என்விடியா கோப்புகளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் யாரோ மூட மறந்த ஜூப்பிட்டர் நோட்புக்காக இருக்கும்.

லேப்டாப்பில் சஸ்பெண்ட் ஆகி எழுந்த பிறகு 999 வந்தால் யுவிஎம்மை மட்டும் இறக்கி ஏற்றுங்கள். டிமெசேஜில் எக்ஸ்ஐடி 79 (என்விடியா டிரைவர் தரும் பிழை எண்) வந்தால் பேக்கேஜைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கார்டு பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். பவர் கேபிளையும் ரைசரையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.