மேற்குச் சுவர் முன் ஒரு குருத்தோலை

யூதர்களாகிய எங்கள் கூடாரப் பண்டிகையின் முதல் நாள், எருசலேமில் பழைய ஆலய மலையின் மேற்குச் சுவர் முன் நின்று லூலாவ் என்னும் பேரீச்சங்குருத்தை எடுக்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. முழங்கால் வலியால் அவரால் இனிப் பயணம் செய்ய இயலாது என்றானபோது அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. கர்த்தர் இவ்வாண்டு வழி திறந்தார்.

பண்டிகைக்கு முந்தைய சந்தையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையைப் பிடித்து இழுக்காத வியாபாரி இல்லை. லூலாவோடு ஏந்தும் எலுமிச்சை இனத்து எத்ரோக் பழத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்று சொல்லியே விலையைப் பல மடங்கு ஏற்றுகிறார்கள். உலர்ந்த லூலாவும் திருடியதும் நுனி முறிந்ததும் ஆகாது என்று எங்கள் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்திருப்பதால், பூதக்கண்ணாடியோடு குனிந்து நின்ற பெரியவர்களுக்கு நடுவே நானும் நெடுநேரம் தேடி, நடு ஓலை பிளவுபடாத பச்சைக் குருத்து ஒன்றை வாங்கினேன்.

அந்தக் குருத்துதான் மறுநாள் விடியலில், சோதனை வாயிலின் நெரிசலில், யாரோ ஒருவரின் தோளில் இடிபட்டு நுனி ஒடிந்தது. பண்டிகை நாளில் வேறொன்று வாங்க வழியில்லை. முதல் நாளில் லூலாவ் அவரவர் உடைமையாகவே இருக்க வேண்டும் என்பதால் இரவல் வாங்கினாலும் கடமை நிறைவேறாது. செய்வதறியாமல் நின்ற என்னைக் கண்ட முதியவர் ஒருவர் தம்முடைய லூலாவையும் எத்ரோக்கையும் நீட்டி, "திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு உனக்கு அன்பளிப்பாகத் தருகிறேன், மகனே, இப்போது இது உன்னுடையது" என்றார். பண்டைய யூத ஞானிகளின் கடல் பயணத்தில், ரபான் கமாலியேல் ஆயிரம் சூஸ் வெள்ளிக்காசு கொடுத்து வாங்கிய லூலாவை ரபி யோசுவாவும் ரபி எலாசார் பென் அசரியாவும் ரபி அகிபாவும் இப்படித்தானே கைமாற்றிக்கொண்டார்கள்!

வலக்கையில் குருத்தையும் ஹதாஸ் எனும் மிர்ட்டில் கிளைகள் மூன்றையும் அரவா எனும் ஆற்றலரிக் கிளைகள் இரண்டையும், இடக்கையில் எத்ரோக்கையும் ஏந்தி, குருத்தின் முதுகு என்னை நோக்கியிருக்க ஆசி கூறினேன். ஆறு திசைகளிலும் அசைத்தபோது ஓலைகள் சலசலத்தன. எனக்குக் குரல் எழவில்லை. என் தகுதிக்கு மீறிய இந்தக் கிருபைக்கு என்ன கைம்மாறு செய்வேன்! என் பின்னால் வேறு சிலரும் வெறுங்கையோடு காத்திருந்தார்கள்; அந்தப் பெரியவர் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் அதே சொற்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பண்டிகை நாள் கழிந்தபின் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னேன். தாயார் முதலில் கேட்டது, "அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாய் அல்லவா? இல்லையென்றால் கடமை நிறைவேறாதே" என்பதுதான். கொடுத்துவிட்டேன் என்ற பிறகே அவர் கர்த்தரை வாழ்த்தினார்.