கதவுக்கு மட்டும் கிடையாது

இன்று காலை வடசேரி சந்தைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினேன். அம்மா கதவை ஒரு சாண் திறந்தாள். இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் காலை எடுத்து வைத்தாள். ஓர் இலை அசையவில்லை. பின்னால் நின்ற ஆட்டோ அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, கதவு கழண்டு போச்சா?" என்று கேட்டார்.

"கழரல. கழண்டா இன்சூரன்ஸ் கிடையாது மக்களே."

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அம்மா இன்னும் ஐஸ்லாந்திலேயே இருக்கிறாள்.

எல்லாம் அத்தானால் வந்தது. எங்களை ஜெர்மனிக்குக் கூப்பிட்டது அக்கா. அங்கிருந்து ஒரு வாரம் ஐஸ்லாந்து என்று கிளப்பியது அவர். தமிழ்நாட்டில் முக்கால்வாசி அளவுள்ள நாடு, மொத்த ஜனம் 4 லட்சத்துக்குள்தான். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே 18 லட்சத்துக்கு மேல். வாடகைக் கார் இல்லாமல் அங்கே நினைத்த இடத்துக்குப் போக முடியாது. அத்தான் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடி, இருப்பதிலேயே மலிவான காரைப் பிடித்தார்.

அந்த மலிவு கெஃப்லாவிக் விமான நிலையத்தில் முடிந்தது. கவுன்டரில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை எடுத்து வைத்தான். இடித்தால் ஈடு கட்டுவது வாடகையோடேயே வருமாம். ஆனால் முதல் இரண்டு லட்சம் ரூபாய் சொச்சம் நம் கையிலிருந்து. அதற்கு மேலேதான் அவர்கள். அந்தத் தொகையைக் குறைக்க இன்னொரு காப்பீடு. ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால் அதற்கு வேறு. மணலும் எரிமலைச் சாம்பலும் அடித்து பெயின்ட் உரிந்தால் அதற்கும் வேறு.

மணலுக்கா? கன்னியாகுமரியில் கலர் கலராக மணலைப் பாக்கெட் போட்டு விற்கிற ஊர்க்காரர்களிடமா இதைச் சொல்கிறான்? பையன் ஒரு போட்டோ காட்டினான். தெற்குக் கரையில் காற்று கறுப்பு மணலை வாரி அடித்த கார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி இருந்தது. 2010-ல் ஐரோப்பாவின் விமானங்களை நாள்கணக்கில் தரையிறக்கி வைத்த எரிமலையும் அந்தப் பக்கம்தானாம். பெயரையும் சொன்னான், நாங்கள் கேட்டுக்கொண்டோம். அதற்கு மேல் அந்தப் பெயரை ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா போடலாம் என்றாள். கிரெடிட் கார்டிலேயே காப்பீடு இருக்கிறது என்றார் அத்தான். முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் அதன் பின்னால் யார் அலைவது என்றாள் அக்கா. வரிசை நீண்டது.

"இதை எழுதினா அந்தப் பயலுக்குக் கமிஷன் உண்டா?" என்றாள் அம்மா.

யாருக்கும் தெரியவில்லை.

"இருக்கும்னுதான் நெனைக்கேன். எல்லாத்தையும் எழுதச் சொல்லு."

அப்பா முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். திங்கள்நகர், இரணியல், குளச்சல் என்று அந்தப் பழைய ஸ்கூட்டரில் போகாத தெரு இல்லை. மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டோம். அப்பா தலையைக் கண்டதும் கொல்லை வழியாகப் போனவர்கள் உண்டு. உள்ளே இருந்துகொண்டே ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள் உண்டு. அதில் இரண்டு பேர் சொந்தச் சித்தப்பாக்கள். அம்மா இதில் ஒன்றையும் அங்கே சொல்லவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் பேசாமல் கார்டை நீட்டினார். காப்பீடு மட்டுமே வாடகையில் பாதி.

கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகு அவன் சொல்கிறான், காற்று கதவைப் பிய்த்தால் மட்டும் எதிலும் வராதாம். ஆற்றில் இறக்கினாலும் வராது. காற்றைப் பார்த்து நிறுத்தணும், இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கணும். முப்பந்தல் காற்றாலைக்குக் கீழே ஆடி மாதத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஆள் நான், எனக்கே காற்றா என்று நினைத்தேன். விக் என்ற ஊரில் பெட்ரோல் போட இறங்கியபோது என் தொப்பி போயிற்று. எந்தத் திசையில் போனது என்றுகூடத் தெரியாது.

அன்றிலிருந்து அம்மா நாலு கதவுக்கும் காவல். அருவிகளைப் பார்த்தாளோ என்னவோ, அக்கா எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

கடைசி நாள் காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. அத்தானுக்கு அதுதான் வருத்தம்.

"அவ்வளவு பைசாவும் வெட்டியாப் போச்சே மாமி."

"பாலிசி எடுத்துட்டு இன்னும் சாவலியேன்னு யாராவது அழுவாங்களா மாப்பிள்ளை?"

அந்தப் பையன் அன்று கவுன்டரில் இல்லை. அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த முந்திரிக்கொத்தை அங்கிருந்த பெண்ணிடம் கொடுத்து, "அந்தப் பயகிட்ட குடுத்துரு மோளே" என்றாள் அம்மா. அவளும் சரி என்று தலையாட்டினாள்.

இவ்வளவும் வடசேரியில் நின்று ஆட்டோ அண்ணனுக்குச் சொல்லி முடித்தாயிற்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "அப்பம் அந்தப் பயலுக்குக் கமிஷன் கிடைச்சுதா இல்லியா பாட்டி?" என்றார்.