சிப்பத்துக்கு நாற்பது

குறுவை நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காத்துக் கிடக்கிறோம். 40 கிலோ சிப்பத்துக்கு 40 ரூபாய் கொடுத்தால் ஈரப்பதம் வாங்கும் வரம்பான 17 சதவீதத்துக்குள் நிற்கும். கொடுக்காவிட்டால் அதே நெல் 19 காட்டும். கருவிக்கும் பங்கு போகிறதோ என்னவோ!

புகார் போனால் மாட்டுவது நிலையத்தில் ரசீது போடும் பருவகாலப் பட்டியல் எழுத்தர்தான். தீபாவளிக்குப் பட்டுவேட்டி, வெள்ளிக் குத்துவிளக்கு என்று ‘அன்பளிப்பு’ வாங்கும் மேலிடத்துக்கு மிஞ்சிப்போனால் இடமாற்றம்.

ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். வாங்குபவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. கொடுத்தவனுக்கும் 7 ஆண்டு வரை உண்டு. கட்டாயப்படுத்திப் பிடுங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் சொல்ல வேண்டுமாம். நெல் நனையுமோ என்று வானத்தைப் பார்க்கிறவன் எந்த அலுவலகம் போவான்?

எழுத்தருக்கு 3 ஆண்டு என்றால், வசூலித்துவா என்று அனுப்பியவருக்கு 7 கொடுங்கள். அப்புறம் பேசுவோம்.