இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

19.11.2024, செவ்வாய்

படுக்கைப்புண் தடுப்பைப் பற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவதற்காக, பொறுப்புச் செவிலியர் இன்று எங்கள் அனைவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். 2010-இல் பெல்ஜியத்தில் உருவான 13 கூற்றுகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்று நான்கு படிகளில் குறிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். தடுப்பு முக்கியமா என்று கேட்டால் முக்கியமில்லை என்று எந்தச் செவிலியர் எழுதுவார்? நானும் நல்ல பிள்ளையாகத்தான் குறித்துக் கொடுத்தேன்.

மனப்போக்கு தெரிவது பணி ஒப்படைக்கும் நேரத்தில்தான். வென்டிலேட்டர் அளவுகள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து எவ்வளவு ஓடுகிறது, சிறுநீர் எவ்வளவு, எந்த ரத்தப் பரிசோதனை பாக்கி என்றெல்லாம் வரிசையாகச் சொல்பவர்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே “பேக் கேர் ஆச்சு” என்று மூன்றே சொற்களில் நோயாளியின் முதுகை முடித்துவிடுகிறார்கள்.

21.11.2024, வியாழன்

நவம்பர் மூன்றாம் வியாழன், படுக்கைப்புண் தடுப்புக்கான உலக நாள். பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்ததில் ஆறாம் படுக்கைக்காரரைப் பக்கம் மாற்றித் திருப்பும் நேரம் கடந்துபோயிற்று. படத்தில் நானும் இருக்கிறேன்.

25.11.2024, திங்கள்

ஆறாம் படுக்கையில் இருப்பவர் காசிமேட்டில் வலை பின்னுகிறவர். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் மதிப்பெண் 23-க்கு 9. குறையக் குறைய ஆபத்து அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் திருப்பினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடுமோ என்று இளைய செவிலியர்கள் அவரைத் தொடவே தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் அழுத்தம் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆயினும், அழுத்தத்தை ஏற்றும் அதே மருந்து தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால், திருப்பப் பயப்படும் நோயாளிக்கே புண் விரைவாக வருகிறது. முழுதாகத் திருப்ப முடியாவிட்டால் தலையணை வைத்துச் சிறிது சாய்க்கலாம். கெண்டைக்கால் அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி வைக்கலாம். நுரையீரல் தொற்றைத் தடுக்கத் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துகிறோம். உடல் கீழே வழுக்க, முதுகின் அடிப்பகுதியில் தோல் இழுபடுகிறது. ஒன்றைக் காக்கப் போனால் இன்னொன்று கெடுகிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. திருப்புவதை ஆயாம்மா வேலை என்றும், புண் வந்தபின் மருந்து வைத்துக் கட்டுவதைச் செவிலியர் வேலை என்றும் எங்களுக்குள் ஓர் எழுதாத ஏற்பாடு இருக்கிறது. கட்டுப் போட்டால் பெயர் கிடைக்கிறது. வராத புண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்வை நேரத்தில் ஆறாம் படுக்கைக்காரரின் மனைவி, “முதுகப் பாத்துக்கங்க சிஸ்டர், எங்க மாமியாருக்குக் குழி மாதிரி வந்துச்சு” என்றார். அவர் வென்டிலேட்டரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

ஆறாம் படுக்கைக்காரரின் கருத்த தோலில், புண்ணுக்கு முதல் அறிகுறியான சிவப்புத் தெரியாது. புறங்கையால் தொட்டுச் சூட்டையும் விரலால் கெட்டியையும்தான் பார்க்க வேண்டும். அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெருமையில் இருந்த நான், நான்காம் படுக்கையில் சுவாச முகமூடி அழுத்தி மூக்குத்தண்டில் தோல் உரிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஆயாம்மாதான் காட்டினார்.

30.11.2024, சனி

ஃபெஞ்சல் புயல். கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வர வேண்டியவர்கள் தண்ணீரைத் தாண்டி வர முடியாததால், பகல் பணியிலிருந்த நாங்கள் மூவரும் ஆயாம்மாவுமே இரவையும் சேர்த்துப் பார்த்தோம். எட்டு நோயாளிகள், அவர்களில் ஐவர் வென்டிலேட்டரில். விடியற்காலை 2 மணிக்கு ஆறாம் படுக்கையைத் திருப்பினோம். 4 மணிக்கு இரண்டாம் படுக்கையில் இதயம் நின்றுவிட, எல்லாரும் அங்கே ஓடினோம்.

5 மணிக்கு இளையவள் திருப்பும் நேர அட்டவணையோடு வந்து, “நாலு மணிக்கு சைன் போட்டுடட்டுமாக்கா?” என்றாள். எத்தனையோ இரவுகளில் நானே ஒரே பேனாவால் 2, 4, 6 என்று மூன்று கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றேன். அந்தக் கட்டத்தில் அவள் “திருப்பவில்லை, ஆள் இல்லை” என்று எழுதினாள்.

6 மணிக்கு ஆயாம்மா தோளைப் பிடிக்க, நான்கு பேருமாகத் திருப்பினோம். இடுப்பெலும்பின் வலப்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. அதையும் எழுதி, நேரத்தைக் குறித்தோம்.