என்ஜினுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவே இடம் பிடித்த கதை

இங்கிலாந்தில் வீட்டிலேயே லோகாஸ்ட் என்ற குறைந்த செலவு ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள் பலர் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 காரின் ஸ்டீயரிங் ரேக்கையும் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), ஃபோர்டு சியராவின் ஸ்டீயரிங் கம்பத்தையும்தான் வாங்குவார்கள். நானும் அப்படியே. சேஸிஸில் என்ஜினை இறக்கியதும் சிக்கல் தெரிந்தது: கம்பத்தையும் ரேக்கையும் இணைக்கும் தண்டு போக வேண்டிய வழியில், என்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நின்றது.

இரும்பை அறுக்காமல், முதலில் மெல்லிய பிவிசி குழாயை வைத்துப் பாதை தேடினேன். இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டோடு (தண்டு மடங்கியபடியே சுழல விடும் இணைப்பு) மேனிஃபோல்டைச் சுற்றிப் போக முடிந்தது; ஆனால் கீழ் ஜாயின்ட் மிகவும் மடங்கியது. யுனிவர்சல் ஜாயின்ட் 30 டிகிரி மடங்கினாலே, ஒரே சீராகத் திருப்பும்போது மறுமுனையின் வேகம் சுமார் 15 சதவீதம் ஏறி இறங்கும். இரண்டு ஜாயின்ட்டும் ஒரே தளத்தில் சம கோணத்தில் மடங்கி, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் இரட்டைக் கிளைகள்) ஒரே வாக்கில் இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது சரிக்கட்டும். என் காரில் இரண்டு கோணமும் ஒத்துவரவில்லை.

அதனால் மூன்றாவது ஜாயின்ட் போட்டேன். இதில் ஒன்றை விடவே கூடாது: மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் ஒரு பேரிங் தாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சங்கிலிபோல மடிந்து துவளும். சேஸிஸ் குழாயில் தடித்த பிராக்கெட் பற்றவைத்து, நடு ஜாயின்ட்டுக்கு மிக அருகில் தண்டு நுழைந்து சுழலும் வளையமான ராட் எண்ட் பேரிங்கைப் பொருத்தினேன். பற்றவைப்பை அந்தத் தொழில் செய்பவரிடமே கொடுத்தேன். உயிர் இருக்கும் இடம் அது.

இடைவெளியை அளக்கும்போது தண்டைப் பார்த்தால் போதாது. ஜாயின்ட்டின் கவையும் போல்ட் தலையும் தண்டைவிடப் பெரிய வட்டம் அடிக்கும். ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்த என்ஜினும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சாயும். மேனிஃபோல்டில் களிமண் உருண்டை ஒட்டி, ஒருவர் கடப்பாரையால் என்ஜினை நெம்ப, இன்னொருவர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பினோம். நசுங்கிய களிமண்ணின் மிகக் குறைந்த தடிமன்தான் உண்மையான இடைவெளி. 10 மில்லிமீட்டருக்குக் கீழே போன இடத்தில் பிராக்கெட்டை நகர்த்தினேன்.

உள்ளே, கிளட்சை மிதிக்கும்போது ஷூ ஸ்டீயரிங் கம்பத்தில் உரசாமல் இருக்க, பெடல் தட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்.

சூடு தாக்காமல் இருக்க, மேனிஃபோல்டுக்கும் பேரிங்குக்கும் இடையே அலுமினியத் தகடு ஒன்று வைத்தேன். வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர அனுமதி தரும் ஐவிஏ சோதனைக்குக் கொண்டுபோகுமுன் ஜாயின்ட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கி, மஞ்சள் பெயின்டால் கோடு போட்டேன். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.