பதினான்கு கைநாட்டுகள்

சட்டத்தை நான் சரியாகத்தான் சொன்னேன். காட்டின் மீது ஊருக்குள்ள உரிமையைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்ற, கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள், 2012 திருத்தத்துக்குப் பிறகு, இப்படித்தான் இருக்கின்றன. ஊர்த்தலைவரான முண்டாவின் முற்றத்தில் அன்று நான் எண்ணியபோது ஆண்கள் 68 பேர், பெண்கள் 29 பேர். 214 உறுப்பினர்கள் கொண்ட சபைக்கு அது எந்தக் கணக்கிலும் போதாது.

"வராத பெண்களில் பதினான்கு பேருக்கு நானே கைநாட்டு வைக்கிறேன், பாபு. சந்தை நாள் என்பதால் போயிருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்" என்றார், நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று அழைக்கும் இலை தைக்கும் பெண்.

"முடியாது, தீதி" என்றேன். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த வேகம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

என் பக்கத்து நியாயம் சிறியதன்று. வராதவர்களும் இறந்தவர்களும் கைநாட்டு வைத்ததாகக் காட்டிச் சுரங்கத்துக்குக் காட்டைக் கொடுத்த தீர்மானங்கள் பற்றிய புகார்களைப் படித்துப் படித்து வளர்ந்தது, ஊர்கள் உரிமை கோர உதவும் எங்கள் பணி. ஒடிசாவின் நியம்கிரியில் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பையடுத்து நீதிபதிகளின் முன்னிலையில் கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாமென்று சொன்னபோது, அந்தச் சொல்லை அசைக்க முடியாமல் போனதற்கு அதன் பதிவு பழுதற்றிருந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறவன் நான். ஒரே ஒரு பொய்க் கைநாட்டு போதும், கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அரசின் உட்கோட்டக் குழு மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிட. அவர்களைக் காப்பாற்றத்தான் மறுத்தேன்.

ஆனால் அந்தப் பதினான்கு பேரின் சம்மதம் பொய்யானதா? மூன்று வாரங்களாக அவர் அடிகுழாயடியிலும் இலை பறிக்கும் வழியிலும் ஒவ்வொரு பெண்ணிடமும் பேசிவந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இலைத்தட்டு தைக்கும் கை ஓயாமலே பேசுவார். சால் மரத்து இலையை எடுத்து, அதன்மேல் படிந்திருக்கும் செந்தூளைச் சேலைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, மூங்கில் ஈர்க்கால் அடுத்த இலையோடு கோப்பார். இரும்புத் தாது லாரிகள் போகும் பாதையோரத்து இலையைத் துடைக்காமல் தைத்தால் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. அந்தத் தூளைக் காட்டித்தான் அவர் பேச்சையே தொடங்குவார். உண்மையான சபை அங்கே கூடி முடிந்திருந்தது என்றும், முற்றத்தில் நடந்தது அதற்கான காகித வேலை மட்டுமே என்றும் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. முண்டா, அவருக்கு மேலே பல ஊர்களுக்குப் பொறுப்பான மான்கி என்று இந்த ஊரின் ஹோ பழங்குடி மக்களின் தலைமை ஆண்வழியில் வருவது. நிலமும் அப்படித்தான். குடும்பத்தின் கடைசி ஆண் இறந்துபோனால், அவரை நம்பியிருந்த பெண்கள் பிழைப்புக்கு அந்த நிலத்தையே சார்ந்திருக்கும் வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் 1996இல் உச்ச நீதிமன்றமும் வந்தது. எனவே சுரங்கத்துக்கு நிலம் போனால் இழப்பீடு ஆவணத்தில் பெயருள்ள ஆணுக்கு வரும். இலையும் மகுவா எனும் இலுப்பைப் பூவும் ஊற்றும் போனால் அவற்றை நம்பிய பெண்ணுக்குப் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. வன உரிமைச் சட்டத்தின் கிராம சபையில் மட்டும் வயது வந்த ஒவ்வொரு பெண்ணும் ஆணுக்குச் சமமான உறுப்பினர். அந்த வாசலில் நின்றுகொண்டு நான் "முடியாது" என்றேன்.

இருபது நாள் கழித்துச் சபை மறுபடி கூடியது. 121 பேர் வந்தார்கள், அவர்களில் 52 பேர் பெண்கள். பதிவேட்டில் குறையே இல்லை. ஆனால் ஓடைக்கு அப்பால், சுரங்கக் குத்தகை எல்லையை ஒட்டிய சரிவு, ஊர் உரிமை கோரும் காட்டின் வரைபடத்தில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் கோப்பு சிக்கிக்கொள்ளும் என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். அவர்களில் இருவருக்குச் சுரங்கத்தில் வேலை. பெண்கள் இலை பறிப்பது பெரும்பாலும் அந்தச் சரிவில்தான். முதல் கூட்டத்தில் அதைப் பேசத்தான் தீதி அத்தனை பெண்களையும் தயார் செய்து வந்திருந்தார். இப்போது முண்டா "பெண்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. தீதி கடைசி வரிசையில் இலை தைத்துக்கொண்டிருந்தார்.

நானாவது சொல்லியிருக்கலாம். சரிவைப் பற்றி அவர் என்னிடம் சொல்லியிருந்தார். வெளியாள் சபையில் வாய் திறக்கக் கூடாது என்ற எங்கள் நெறியை நினைத்துப் பேசாமலிருந்தேன்; அதுவும் சரியான நெறிதான். பதினான்கு கைநாட்டையும் அன்று ஏற்றிருந்தால் சரிவு வரைபடத்தில் வந்திருக்குமா, அல்லது மொத்தக் கோரிக்கையும் போலி என்று விழுந்திருக்குமா என்பதை இரண்டு விதமாகவும் எனக்கு நானே நிறுவிக்காட்டிவிட்டேன். அவர் சபையை நடத்திக்கொண்டிருந்தார், நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்ற எண்ணம் மட்டும் இரண்டு வழியிலும் மிஞ்சுகிறது. இதுவும் மிகையாக இருக்கலாம். அவருக்கு அன்று வெறுமனே உடம்பு முடியாமல்கூட இருந்திருக்கலாம்.

எல்லோரும் கலைந்த பிறகு மைப்பெட்டியை நீட்டினேன். அவர் விரலில் இலைச்சாற்றின் கறையும் செந்தூளும் இருந்தன, துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

"கணக்குச் சரியாக வந்ததா, பாபு?" என்று கேட்டார்.

"வந்தது, தீதி" என்றேன்.

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.